ஒட்டாவா உடன்படிக்கையும் படுவான்கரையும்: ஒரு நாடு சொன்னபடி நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி. மாவட்டம் துப்புரவாகி ஆறு மாதம் போன பிறகுதான் நாடு உடன்படிக்கைக்குள் வந்தது. அப்படியானால் அந்த உடன்படிக்கையால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால், கேள்வியில் பிழையில்லை.

பலர் நினைப்பதுபோல் அது வெடி தோண்டி எடுப்பதற்கு மட்டுமான உடன்படிக்கை என்றால், நமக்கு ஒன்றும் வரவில்லைதான். ஆனால் அதில் எழுதியிருப்பது நிறைய. புதைக்காதே, செய்யாதே, வாங்காதே, கைமாற்றாதே, களஞ்சியத்தில் வைக்காதே, வைத்திருப்பதை அழி, புதைத்ததை எடு, கால் போனவர்களைக் கவனி, மீறுகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் போடு, இதையெல்லாம் செய்தாயா என்று வருடா வருடம் எழுதிக் கொடு. ஒன்றைச் செய்து முடித்ததால் மற்றது கழிந்துபோகாது. மட்டக்களப்பில் முடிந்தது அந்தப் பட்டியலில் ஒன்று, அதுவும் ஒரு மாவட்டத்தின் அளவுக்கு. ஒரு நாடு உடன்படிக்கைக்கு இணங்கி நடக்கிறதா என்று கேட்கும்போது இந்தப் பட்டியல் முழுவதையும் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

எது உள்ளே வரும், எது வராது

கண்ணிவெடி என்று பொதுவாகச் சொன்னால் இங்கே பலதும் அதற்குள் வந்துவிடும். வீதியில் புதைத்துவைத்து, பற்றைக்குள் இருந்து வயரை இணைத்து ட்ரக்கைத் தூக்கியதும் கண்ணிவெடி. வேலியோரத்தில் விறகு பொறுக்கப் போனவரின் காலில் மிதிபட்டதும் கண்ணிவெடி. உடன்படிக்கை இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒரு மனிதர் மிதித்ததால், தொட்டதால், அல்லது கிட்டப் போனதால் வெடிக்கும்படி செய்யப்பட்டதைத்தான் அது தடைசெய்கிறது. மறைந்திருந்து ஒருவர் பொத்தானை அழுத்தி வெடிக்கவைத்தால் அது இந்தத் தடைக்குள் அடங்காது. அகப்படுபவரே தெரியாமல் வெடிக்கவைத்தால் அடங்கும்.

ஒரு பக்கமாகச் சிதறல்களைப் பாய்ச்சும் வெடியான கிளைமோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து வெடிக்கவைக்கும் கிளைமோரை இந்த உடன்படிக்கை தொடாது. அதே கிளைமோரைப் பாதைக்குக் குறுக்கே கட்டிய ஒரு மெல்லிய கம்பியோடு இணைத்து, வருகிறவரின் கால் தட்டினால் வெடிக்கும்படி வைத்தால் உடனே தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடும். வாகனத்தின் பாரத்துக்கு மட்டும் வெடிக்கும் தாங்கியெதிர்ப்பு வெடியும் வெளியே. வெடிக்காமல் கிடக்கும் ஷெல்லும் கைக்குண்டும்கூட வெளியேதான். அவற்றுக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. கொத்துக்குண்டுக்குத் தனியாக ஒரு உடன்படிக்கை இருக்கிறது, அதில் இலங்கை 2018 மார்ச் 1ஆம் திகதி சேர்ந்தது.

தொழிற்சாலையில் செய்ததா கையால் செய்ததா என்பது பொருட்டில்லை. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான டைப் 72, புலிகள் மரப்பெட்டிக்குள் செய்த ஜொனி, மூன்றும் உடன்படிக்கையின் கண்ணில் ஒன்றேதான். மூன்றும் ஆளைக் கொல்வதைவிடக் காலை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் வெடிமருந்து பலவற்றில் நூறு கிராமுக்கும் குறைவு. ஒரு சின்னப் பிள்ளையின் எடை போதும்.

உடன்படிக்கை வந்த வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992இல் சில தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து மிதிவெடியைத் தடைசெய்ய ஒரு சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. ஐக்கிய நாடுகள் சபையின் வழமையான ஆயுதப் பேச்சுவார்த்தைகள் இழுபட்டுக்கொண்டிருந்ததால், 1996இல் கனடாவின் வெளிநாட்டமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் முழுத்தடை உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட வாருங்கள் என்று நாடுகளை அழைத்தார். வாசகம் 1997 செப்டம்பர் 18இல் ஒஸ்லோவில் முடிவானது. டிசம்பர் 3ஆம் திகதி ஒட்டாவாவில் கையெழுத்து தொடங்கியது. 1999 மார்ச் 1 முதல் நடைமுறை. அந்த இயக்கத்துக்கும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸுக்கும் 1997ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

அப்போது இங்கே போர். அரசாங்கமும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். மிதிவெடித் தடையை ஆதரிக்கும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இலங்கை வருடா வருடம் ஆதரவாக வாக்களித்துக்கொண்டே இருந்தது. சேரச் சொன்னால் பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டியது. நல்லது என்று கை உயர்த்துவதற்கும் கட்டுப்படுவதற்கும் இடையில் அவ்வளவு தூரம். போர் முடிந்தது 2009இல். சேர மேலும் எட்டு வருடம் எடுத்தது.

சேர்ந்தவுடன் ஓடத் தொடங்கும் தவணைகள்

சேர்ந்த நாளிலேயே கடப்பாடு தொடங்குவதில்லை. ஆவணத்தைக் கொடுத்த பின் ஆறாவது மாதத்தின் முதல் நாளில் தொடங்கும். இலங்கைக்கு அது 2018 ஜூன் 1. எல்லாத் தவணையையும் இந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

புதைப்பதும் தயாரிப்பதும் கைமாற்றுவதும் அன்றே நிற்க வேண்டும். அதற்குத் தவணை கிடையாது. "எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும்" என்பதுதான் முதலாம் உறுப்புரையின் தொனி. மறுபடி போர் வந்தால், கலவரம் வந்தால் என்ற விலக்கெல்லாம் இல்லை. "இந்த உறுப்புரையை மட்டும் ஏற்கமாட்டேன்" என்று ஒதுக்கிவைத்துவிட்டுச் சேரவும் முடியாது. 19ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது.

முதல் அறிக்கை 180 நாளுக்குள். களஞ்சியத்தில் எத்தனை, எந்த வகை, எங்கெங்கே புதைந்திருக்கிறது, எத்தனை அழித்தாயிற்று, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன் பிறகு வருடா வருடம் ஏப்ரல் 30க்குள் புதுப்பிக்க வேண்டும்.

களஞ்சியத்தில் உள்ளவற்றை நான்கு வருடத்துக்குள் அழிக்க வேண்டும். இலங்கைக்கு அந்த நாள் 2022 ஜூன் 1. இதை இலங்கை முந்தியே, 2021இல், முடித்தது. தவணை தவறிய நாடுகளையும் பார்க்கும்போது இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது: கிரேக்கம், துருக்கி, பெலரூஸ் மூன்றும் 2008 மார்ச் 1இல் முடித்திருக்க வேண்டும், மூன்றுமே தவறின. பெலரூஸுக்கு 2017 வரை இழுபட்டது.

ஆனால் இதிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கண்டுபிடிக்கவும் அகற்றவும் பயிற்சி கொடுப்பதற்காகக் கொஞ்சம் மிதிவெடிகளை வைத்துக்கொள்ள மூன்றாம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. "மிகக் கட்டாயமாகத் தேவையான குறைந்த எண்ணிக்கை" என்பது அதன் வரம்பு. நூற்றுக்கணக்கில், மிஞ்சினால் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், பல்லாயிரம் கூடாது என்பதே எழுதியவர்களின் எண்ணம். இலங்கையோ தொடக்கத்தில் 20,000க்கும் மேல் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. பிந்திய அறிக்கைகளில் குறைத்தாலும், பயிற்சிக்கு அத்தனை ஆயிரம் எதற்கு என்ற கேள்வி போகவில்லை. எழுத்தின்படி பார்த்தால் மீறல் என்று அடித்துச் சொல்ல முடியாது, உறுப்புரையில் ஒரு எண் எழுதப்படவில்லை. உடன்படிக்கையின் மனதோடு பார்த்தால் சரியென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

புதைந்தவற்றை எடுக்கப் பத்து வருடம்: 2028 ஜூன் 1. உள்நாட்டுச் சட்டத்துக்கு இத்தனை வருடம் என்று தவணை இல்லை; இலங்கை 2022இல் அதைச் செய்தது, ஆளெதிர் மிதிவெடிகளைத் தடைசெய்யும் 2022ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். அரசாங்கத்தின் வாக்குறுதி, தனியாட்களையும் கட்டுப்படுத்தும் குற்றவியல் சட்டமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

"வெடி இல்லாத மாவட்டம்" என்றால் என்ன

வாகரையிலிருந்து 2007 ஜனவரியிலும், குடும்பிமலையிலிருந்து அதே ஆண்டு ஜூலையிலும் புலிகள் பின்வாங்கியதோடு கிழக்கில் போர் ஓய்ந்தது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் கிடந்த படுவான்கரைச் சனம் திரும்பிப் போகத் தொடங்கியது. வயல் இருக்கிறது, வளவு இருக்கிறது, வேலிக்கு அப்பால் சிவப்புத் தகரத்தில் மண்டையோடும் இருக்கிறது. கிழக்கில் வடக்கின் முகமாலைபோல் கிலோமீற்றர் கணக்கில் ஓடும் வெடிப் பட்டியைவிட, முகாமைச் சுற்றி, காவலரணைச் சுற்றி, பாலத்தடியில் என்று துண்டு துண்டாகக் கிடந்ததுதான் வழக்கம். துண்டாகக் கிடப்பது எடுக்கச் சுகம் என்று நினைக்கலாம். எங்கே எடுப்பது என்று தெரிந்தால்தான் அந்தச் சுகம். புதைத்தவர்கள் வரைந்த படம் எல்லா இடத்துக்கும் இல்லை, இருந்த படத்திலும் அடையாளம் காட்டிய மரம் இப்போது இருக்காது.

அதனால் முதல் வேலை விசாரிப்பது. ஆய்வுக்குழு ஊருக்குள் வந்து பட்டிக்காரரைக் கேட்கும், விறகு வெட்டுபவரைக் கேட்கும், தேன் எடுக்கப் போகிறவரைக் கேட்கும். எந்த இடத்தில் மாட்டுக்குக் கால் போனது? எந்தப் பாதையால் நீங்கள் போவதில்லை? முகாம் எந்தப் பக்கம் வாசல் வைத்திருந்தது? இந்தப் பதில்களை வைத்து ஒரு காணி "சந்தேகமான இடம்" ஆகும், நேரடிச் சான்று கிடைத்தால் "உறுதியான இடம்" ஆகும். மூன்று போகம் உழுத வயல் என்று தெரிந்தால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பத்திரிகையில் "இத்தனை சதுர கிலோமீற்றர் விடுவிக்கப்பட்டது" என்று வந்தால் அத்தனையையும் தோண்டினார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விசாரித்து நீக்கியது, தொழில்நுட்ப ஆய்வால் குறைத்தது, உண்மையில் தோண்டித் துப்புரவாக்கியது, மூன்றும் சேர்ந்த கணக்கு அது. தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. இறங்கி வேலை செய்வது இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களும். மட்டக்களப்பில் நெடுங்காலம் வேலை செய்தது மக்.

உறுதியான இடத்தில் வேலை எப்படி நடக்கும்? ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு ஒழுங்கை. அதன் முனையில் முழங்காலில் ஒருவர். முகத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் மறைப்பு, மார்புக்கு அங்கி. பங்குனி வெயிலில் மறைப்பின் உட்புறம் ஆவி படரும். தரையில் குறுக்கே ஒரு சட்டம் கிடக்கும், அதற்கு முன்னால் உள்ளது தெரியாத நிலம், பின்னால் உள்ளது பார்த்து முடிந்த நிலம். முதலில் இழுவைக் கம்பி இருக்கிறதா என்று தேடுவார். பிறகு புல்லைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துப் பின்னால் வைப்பார். பிறகுதான் உலோகம் காட்டும் கருவி. அது கத்தினால் அநேகமாக ஒரு ஆணி, ரவைக்கோது, ஷெல் சிதறல், சோடா மூடி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மிதிவெடி என்றே வைத்துக்கொண்டு, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டிலிருந்து மண்ணை எடுக்க வேண்டும். ஒன்றுமில்லையென்றால் சட்டத்தைச் சற்று முன்னே தள்ளுவார். சில மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு, கருவி கத்தாமலேயே விட்டுவிடும். அப்படியான மணற்பாங்கான இடங்களில் நீண்ட பிடியுள்ள இரும்பு வாரியால் மண்ணை முழுவதுமாக அளைந்து எடுப்பார்கள். இந்த முறை வளர்ந்ததே நம் நாட்டின் வடக்கில்தான். இந்த வேலைக்குப் போகிறவர்களில் கணவரைப் போரில் இழந்த பெண்கள் கணிசமானவர்கள். ஒரு நாளில் ஓர் அறையின் அளவு நிலம் முடிந்தால் நல்ல நாள்.

இப்படி, தெரிந்த இடங்கள் எல்லாம் முடிந்தால்தான் ஒரு மாவட்டத்தை வெடி இல்லாதது என்பார்கள். "தெரிந்த" என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. தெரியாத ஒன்று அடுத்த மாரியில் மண் அரிபட்டு வெளியே வரலாம். உடன்படிக்கையும் இதை உணர்ந்தே இருக்கிறது. முடித்துவிட்டதாக 2018இல் அறிவித்த மொரிட்டேனியா பிறகு முன்பு தெரியாத இடங்களைக் கண்டது. அப்படியான நேரத்தில் நாடு மறைக்காமல் அறிவித்து, புதிய தவணை கேட்க வேண்டும் என்று, உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் தரப்பு நாடுகள் 2012இல் ஒரு நடைமுறையை ஏற்றுக்கொண்டன. புதிய இடம் கண்டது மீறலாகாது. கண்டும் சொல்லாமல் இருந்தால்தான் மீறல்.

இன்னொன்று. உடன்படிக்கையில் கையொப்பம் நாட்டினுடையது. மட்டக்களப்பு முடிந்தது, முல்லைத்தீவில் ஒரே ஒரு வெளி மிஞ்சியிருக்கிறது என்றாலும், புதைத்ததை எடுக்கச் சொல்லும் ஐந்தாம் உறுப்புரை நிறைவேறவில்லைதான். மாவட்ட அறிவிப்பு நல்ல செய்தி, சட்டத்தில் அதற்குத் தனி இடமில்லை. 2028க்குள் முடியாவிட்டால் நீடிப்புக் கேட்கலாம். எவ்வளவு மிச்சம், ஏன் பிந்தியது, எப்படி முடிப்போம் என்று எழுதிக் கொடுத்தால் மற்றத் தரப்பு நாடுகள் வாக்களித்து முடிவெடுக்கும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து வருடம். மொசாம்பிக்கும் நீடிப்புக் கேட்ட நாடுதான், 2015இல் முடித்துக் காட்டியது. ஆகவே நீடிப்புக் கேட்டதையே தோல்வியாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் காசில்லாமல் திட்டம் போட முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வேலையின் செலவில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது உலகின் பல இடங்களில் வெடி எடுக்கும் குழுக்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தவணையே இல்லாத கடப்பாடு

வெடி எடுத்த மாவட்டத்தில் உடன்படிக்கை இன்னும் உயிரோடு இருப்பது இந்த இடத்தில். பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவம், மறுவாழ்வு, சமூகத்திலும் தொழிலிலும் திரும்பக் காலூன்ற உதவி ஆகியவற்றை ஆறாம் உறுப்புரை சொல்கிறது. "செய்யக்கூடிய நிலையிலுள்ள ஒவ்வொரு நாடும்" என்று தொடங்குவதால் வாசகம் கொஞ்சம் தளர்வு. நான்கு வருடம், பத்து வருடம் என்று ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது, பதினைந்து வயதில் கால் இழந்தவருக்கு எழுபது வயது வரை அந்தக் கடப்பாடு ஓடுகிறது.

பொய்க்கால் ஒருமுறை போட்டால் முடிந்துவிடும் பொருளில்லை. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், பெரியவர்களுக்குச் சில வருடத்துக்கு ஒன்று. நடுவில் பட்டி அறும், வெட்டுப்பட்ட இடம் மெலியும், அந்த இடத்தைப் பொருத்தும் கிண்ணம் இறுகாமல் உரசிப் புண் வரும். வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு அறுபது கிலோமீற்றருக்கும் மேல். கால் சரிபார்க்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும். அதனால்தான் பலர் புண்ணோடு சமாளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இலங்கையில் பரவலாகத் தெரிந்த ஜெய்ப்பூர் கால், 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவானது. செருப்பில்லாமல் நடக்க, சப்பாணி கட்டி உட்கார, வயலுக்குள் இறங்க வேண்டிய மனிதருக்காக ரப்பரில் செய்த பாதம் அது. அப்படியிருந்தும் பெரும்போகச் சேற்றில் உழவு முடியும் வரை அந்தக் காலோடு நிற்பது வேறு கதை.

இதில் நாடு இணங்கி நடக்கிறதா என்று எண்ணால் அளப்பது கடினம். எத்தனை மிதிவெடி அழித்தாய் என்று கேட்டால் ஒரு எண் வரும். ஒருவர் வாழ்க்கைக்குத் திரும்பினாரா என்பதற்கு எந்தக் கட்டத்தில் சரி போடுவது? அறிக்கைகளில் இந்தப் பகுதி பொதுவாக ஏற்கெனவே உள்ள திட்டங்களின் பெயர்களால் நிரப்பப்படும்: ஆஸ்பத்திரிச் சேவை, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது, இப்படி. எல்லாம் உண்மையாக இருக்கலாம். வெல்லாவெளியில் ஒருவருக்குக் கடைசியாகக் கால் மாற்றியது எப்போது என்று அந்தப் பக்கத்திலிருந்து தெரியவராது. என்னைக் கேட்டால், கிழக்கைப் பொறுத்தவரை இலங்கையின் நடத்தையை இனி அளக்க வேண்டியது இந்தப் பகுதியை வைத்துத்தான். மிதிவெடியால் இழந்தாரா, ஷெல்லால் இழந்தாரா, நீரிழிவால் இழந்தாரா என்று பிரித்து உதவக் கூடாது என்பதும் தரப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட நெறிதான், ஆகவே இது சரியாக நடந்தால் பலன் மிதிவெடியில் அகப்பட்டவர்களோடு நிற்காது.

யார் பார்க்கிறார்கள்

இந்த உடன்படிக்கைக்குப் பொலிஸ் இல்லை, வழக்கு மன்றமும் இல்லை. ஆயுதக் களஞ்சியத்துக்குள் திடீரென்று நுழைந்து எண்ணிப்பார்க்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பிறகு எதை நம்பி நடக்கிறது?

நம் பக்கத்து பெரும்போக ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். விதைப்பு எப்போது, தண்ணீர் எப்போது, மாடுகளை வயல் வட்டையிலிருந்து எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்று எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வரம்பிலும் ஆள் நிறுத்திக் காவல் காப்பதில்லை. யார் மாடு நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அடுத்த கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டி வரும் என்பதும் தெரியும். ஜெனீவாவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். வருடந்தோறும் தரப்பு நாடுகள் கூடும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பெரிய மீளாய்வு மாநாடு நடக்கும். 2024இல் கம்போடியாவின் சியெம் ரீப்பில் நடந்தது. அறிக்கை தராத நாட்டின் பெயர் அங்கே வாசிக்கப்படும். ஜெனீவாவில் ஒரு சிறு செயலகம் உண்டு, நாடுகளே அங்கம் வகிக்கும் குழுக்கள் உண்டு: வெடி அகற்றலுக்கு ஒன்று, பாதிக்கப்பட்டோர் உதவிக்கு ஒன்று, மீறல் சந்தேகங்களைப் பேசித் தீர்க்க ஒன்று. இவற்றுக்கு வெளியே, தொண்டு நிறுவனங்களின் இயக்கம் ஆண்டுதோறும் நாடுவாரியாகத் தன் சொந்த அறிக்கையை வெளியிடுகிறது. அரசாங்கம் எழுதிக் கொடுத்ததும் இவர்கள் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் நல்ல வழி.

சந்தேகம் முற்றினால் எட்டாம் உறுப்புரை இருக்கிறது. ஒரு நாடு மற்ற நாட்டிடம் ஐ.நா. பொதுச்செயலாளர் ஊடாக விளக்கம் கேட்கலாம், தேவைப்பட்டால் உண்மை கண்டறியும் குழுவையும் அனுப்பக் கேட்கலாம். நெடுங்காலம் யாரும் பெரிதாகத் தட்டாத கதவு அது. 2025இல் தாய்லாந்து தட்டியது: எல்லையில் கம்போடியா புதிதாக மிதிவெடி புதைத்தது என்று குற்றம்சாட்டியது, கம்போடியா மறுத்தது. முந்திய ஆண்டு மாநாட்டை நடத்திய அதே கம்போடியா.

வெளியே போனால்?

சேர்ந்த நாடு வெளியேறவும் முடியும். அறிவித்து ஆறு மாதத்தில் நடைமுறைக்கு வரும். அந்த நேரத்தில் ஆயுதப் போரில் இருந்தால் போர் முடியும் வரை செல்லாது. 2025இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ரஷ்யாவைக் காரணம் காட்டி வெளியேறும் முடிவை எடுத்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் முதலியவை ஒருபோதும் சேரவில்லை. தெற்காசியாவில் இலங்கையோடு பங்களாதேஷ், பூட்டான், மாலைதீவு, ஆப்கானிஸ்தான் உள்ளே, நேபாளமும் வெளியே.

ஐரோப்பாவில் நடப்பது நமக்கெதற்கு என்று விட்டுவிட முடியாது. பயம் வந்தால் கழற்றிவிடலாம் என்ற பழக்கம் பரவினால், பயத்துக்குப் பஞ்சமில்லாத நாடுகள் பல. இலங்கையில் நாளைக்கு ஒரு அரசாங்கம் அப்படி நினைத்தால் ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதினால் மட்டும் போதாது, 2022ஆம் ஆண்டின் சட்டத்தையும் பாராளுமன்றத்தில் நீக்க வேண்டும். அதுவரை வெடி புதைப்பது நாட்டுக்குள்ளேயே குற்றம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இது: முகாமைச் சுற்றிப் புதைத்தது ஒரு காலத்தில் யாரிடமும் கேட்க வேண்டியில்லாத காரியம், இன்று அதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

இலங்கையின் ஆண்டறிக்கைகள் பொதுவில் இருக்கின்றன. ஆங்கிலத்தில்தான், ஆனால் பெரும்பகுதி அட்டவணை என்பதால் மாவட்டப் பெயரைத் தேடிப் பார்க்க அதிக ஆங்கிலம் வேண்டாம். காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ சந்தேகமான எதையாவது கண்டால் கிட்டப் போகாமல், தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிடமோ (119) சொல்ல வேண்டும். ஆய்வில் அது மிதிவெடிப் பிரதேசம் என்று உறுதியானால், அடுத்த ஏப்ரல் 30க்குள் கொடுக்கும் அறிக்கையில் அந்த இடம் ஏறியிருக்க வேண்டும்.